அந்துப்பூச்சி வசனம்

சிரிப்பு வரவில்லை.

ஹெட்டி ரோலின்ஸ் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை மட்டும் விருந்தாளிகள் பக்கம் திருப்பி நின்றாள். நியூயார்க்கிலும் அதற்குப் பிறகு பாஸ்டன், கிளீவ்லாந்து, செயின்ட் லூயிஸ் என்று ரயிலேறிப் போன ஊர்களிலும் இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. முதலில் மாடியில் மலிவு டிக்கெட்காரர்கள் சிரிப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கௌரவத்தை நினைத்து ஒரு நொடி தயங்கிவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். இரண்டும் கலந்து ஓர் அலை போல ஏறும். உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கி, முழுக்க இறங்கிவிடாத ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் அடுத்த வசனத்தை வைக்க வேண்டும். முந்தினால் யார் காதிலும் விழாது. பிந்தினால் விழும், ஆனால் செத்து விழும். ஹெட்டிக்கு ஐம்பத்தொரு வயது. உலகத்தில் தனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இந்த ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இங்கே, கலிபோர்னியாவில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைக்குள், நாற்பது ஆண்பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். விளக்குகளின் சூட்டில் அவள் கழுத்துப் பவுடர் கரைந்து வழிந்தது. தலைக்கு மேல் மைக் செத்த வௌவால் மாதிரி தொங்கியது. அவள் காத்திருந்தாள்.

"கட்," என்றான் கஸ் ஹாலம். இயக்குநர். முப்பத்து மூன்று வயது. வெயில் கொளுத்தும் ஊரில் கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டிருப்பான். "ஹெட்டி கண்ணு, வசனம் மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்ன ஏன் மரம் மாதிரி நிக்கற? யாருக்காகக் காத்திட்டிருக்க?"

"சிரிப்புக்காக."

கஸ் சுற்றிலும் பார்த்தான். "இங்க யாரு சிரிக்கப் போறா? சிரிச்சா மைக்ல விழும். சிரிக்கறவனை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்." அவன் இதைச் சொன்னதும் நாற்பது பேரும் சிரித்தார்கள். வேடிக்கைப் படம் எடுக்கும் கொட்டகையில் காலையிலிருந்து கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

நாடகத்தில் அந்தக் காட்சி மிகவும் எளிமையானது. கல்யாணத்துக்கு முந்தின நாள். பெண்ணைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வந்த மாப்பிள்ளை, ஆள் வரும் சத்தம் கேட்டு, கையில் கிடைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு அலமாரிக்குள் ஒளிகிறான். அங்கி பெண்ணின் அத்தையுடையது. அத்தை வருகிறாள். தொப்பியை மாட்ட அலமாரியைத் திறக்கிறாள். தன் அங்கியில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். எதுவும் சொல்லாமல், நீட்டிக்கொண்டிருக்கும் அவன் கையில் தொப்பியை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். விருந்தாளிகள் பக்கம் திரும்புகிறாள். சிரிப்பு ஏறி இறங்கும்வரை நிற்கிறாள். பிறகு சொல்கிறாள்: "இந்த வருஷம் அந்துப்பூச்சி கொஞ்சம் பெருசு."

அவ்வளவுதான். இந்த ஒரு வசனத்துக்காக இரண்டாவது முறை டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. கிளீவ்லாந்தில் ஒரு பல் டாக்டர், தன் நோயாளிகளை வாயைத் திறக்கவைக்க இதைச் சொல்வதாகக் கடிதம் போட்டிருந்தார்.

ஸ்டுடியோ அந்த நாடகத்தை வாங்கியது. வாங்கியதும் முதல் வேலையாக அதில் இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டது. பெயரை மாற்றினார்கள். மூன்று கதவு இருந்த வரவேற்பறையை, யாரும் நுழையாத பதினோரு கதவு உள்ள மாளிகையாக்கினார்கள். கதாநாயகிக்கு ஒரு வளர்ப்புப் பிராணி கொடுத்தார்கள். நாயோ பூனையோ இல்லை. கூழைக்கடா. அதற்குப் பெயர் கர்னல். தனி அறை, தனி ஆள், பனிக்கட்டியில் வைத்த மீன். கூழைக்கடா அநேகமாகக் கத்தாது என்பதைப் படப்பிடிப்பு பாதி முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பரவாயில்லை, வாத்தின் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கஸ் சொல்லிவிட்டான். ஹெட்டி அப்போது காபிக் கோப்பையோடு பக்கத்தில்தான் நின்றாள். இவர்கள் கையில் ஒரு வாத்து கிடைத்தால் அதற்குக் குதிரையின் குரலைக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையாக நடித்தவன் டெக்ஸ்டர் கேன். அழகன். அதை அவனிடமிருந்து யாரும் மறைத்து வைக்கவில்லை. அவன் பேசுவது மூன்றடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை, மைக் அவன் மோவாய்வரை இறங்கி வரும். நான்கு வரிக்கு மேல் இருந்தால் கரும்பலகையில் எழுதி ஒருவன் தூக்கிப் பிடிப்பான். அவன் ஹெட்டியை 'அத்தை' என்றுதான் கூப்பிட்டான். பாத்திரத்தின் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை.

"அத்தே, நான் உள்ள நிக்கறப்போ சீக்கிரம் சாத்துங்க. வேர்த்துக் கொட்டுது. உங்க அங்கி வேற கம்பளி."

"அது உங்களுக்காகத் தைச்சதுங்க, டெக்ஸ்டர். எனக்கு அந்தச் சுத்தளவு கிடையாது."

அவன் சந்தோஷமாகச் சிரித்தான். தன்னைத்தான் சொன்னாள் என்று அவனுக்கு உறைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் கிண்டலை வீணாக்குவதும் ஊதாரித்தனம்தான்.

ஆனால் அவளுக்கு இந்தப் படம் வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் நாக்கில் கசந்தது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கிளீவ்லாந்தில் அவள் ஆடிய மேடையில் இப்போது வெள்ளைத் துணி தொங்குகிறது. நாடகத்திலிருந்து படத்துக்கு எடுத்துக்கொண்டது அவள் ஒருத்தியைத்தான், அதுவும் இந்த ஒரு படத்துக்கு. ஸ்டுடியோ முதலாளி பாம்கார்ட், முதல் நாளே அறைக்குக் கூப்பிட்டு, ஒரு பீச் பழத்தைத் தின்றுகொண்டே சொல்லியிருந்தார். "அந்த அலமாரி சீன் எடுபட்டா, உங்களை வச்சுக்கறோம். எடுபடலைன்னா, ரயில் டிக்கெட் நம்ம செலவு." பழம் தின்று முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே அந்த நிறுத்தம் அவளுக்கு வேண்டும். நிறுத்தம் இல்லாவிட்டால் வசனம் இல்லை. வசனம் இல்லாவிட்டால் அவள் யார்? அங்கியைப் பறிகொடுத்த ஒரு குண்டு அத்தை.

"இன்னொரு டேக். கதவு சாத்தற சத்தமும் வசனமும் ஒட்டிட்டு வரணும்," என்றான் கஸ். "டக், அந்துப்பூச்சி. புரிஞ்சுதா? படம் ஓடணும் கண்ணு. ரயில் மாதிரி ஓடணும். நீ ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி டீ குடிக்கற."

"அந்த இடத்துல ஜனங்க சிரிப்பாங்க, மிஸ்டர் ஹாலம். சிரிப்புல வசனம் கேக்காது."

"கேக்கலைன்னா மறுபடி டிக்கெட் வாங்கட்டும்."

நாற்பது பேரும் மறுபடி சிரித்தார்கள். அலமாரியின் பக்கவாட்டில், செட் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்ற தச்சன் ஓலி மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டிருந்தான். பல்வலியோ என்னவோ.

அவள் அவன் சொன்னபடி செய்தாள். டக், அந்துப்பூச்சி. வாயிலிருந்து கல்லைத் துப்புவது போல இருந்தது. மறுபடி செய்தாள். மூன்றாம் முறை கூழைக்கடா குறுக்கே நடந்து போனது. அதைப் பார்த்து கஸ், "பாத்தியா, கர்னலுக்குத் தெரியுது வேகம்னா என்னன்னு," என்றான்.

அடுத்து முகத்தை மட்டும் எடுக்கும் குளோஸ்-அப். அலமாரியின் முதுகுப் பலகையை ஓலி கழற்றி எடுத்தான். அந்தப் பக்கம் கேமராவை வைத்தார்கள். உள்ளே நிற்கும் மாப்பிள்ளையின் கண்ணுக்கு அத்தையின் முகம் எப்படித் தெரியும் என்பது ஷாட். டெக்ஸ்டருக்கு வேலையில்லை. அவன் அங்கியோடு போய் ஐஸ் சோடா குடித்துக்கொண்டிருந்தான். கஸ்தான் அலமாரிக்குள், கேமராவுக்குக் கீழே, குந்தி உட்கார்ந்துகொண்டான்.

ஒத்திகை என்றார்கள். ஹெட்டி கதவைத் திறந்தாள். தொங்கும் உடைகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் பட்டுத்துணியுடன் இயக்குநர் உட்கார்ந்திருந்தான்.

"அப்படியே நில்லு. சாத்தாத. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத," என்று உள்ளேயிருந்தே தொடங்கினான். "நீ ஒண்ணுமே பண்ணமாட்டேங்கற. வந்து பாக்கற, சாத்தற. ஒரு பொம்பள தன் அலமாரியில ஆம்பளையைப் பாத்தா என்ன பண்ணுவா? பாரு, நான் காட்டறேன்." அவன் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, கண்ணைப் பிதுக்கி, வாயை ஓ என்று திறந்து காட்டினான். "இப்படி. ஆங்? கண்ணு பெருசாகணும். உள்ளுக்குள்ள இருந்து வரணும். கதவு திறக்கறதுன்னா என்னன்னு நீ நினைக்கற? கதவு திறக்கறது ஒரு கலை, கண்ணு."

 ஹெட்டி கதவைப் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் அவள் கதவு திறந்திருக்கிறாள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட கதவு, துணியில் வரைந்த கதவு, கீலோடு கையில் வந்துவிட்ட கதவு. இவன் அவளுக்குக் கதவு சொல்லித்தருகிறான். அலமாரியில் உட்கார்ந்துகொண்டு. பேசப் பேச அவன் கை காதுக்குப் போயிற்று. காது மடலை இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டான். பேன் இருக்கும், பட்டுத்துணி சுற்றினால் பேனுக்குத் தெரியவா போகிறது என்று அவள் நினைத்தாள். அவன் மேலும் பேசினான். உணர்ச்சி என்றான். ஆழம் என்றான். அவள் அவன் உச்சந்தலையிலிருந்து மெதுவாக இறங்கி, பட்டுத்துணியைக் கடந்து, மடக்கிய கால்களிலிருந்த இருவண்ணச் செருப்புவரை வந்து, மறுபடி முகத்துக்கு ஏறினாள். மளிகைக் கடையில் அழுகிய முட்டைக்கோஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்களே, அப்படி.

பிறகு கதவைச் சாத்திவிட்டாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே.

கொட்டகை அடங்கிப்போயிற்று. போச்சு, ரயில் டிக்கெட் என்று அவளுக்குப் புரிந்தது. ஆச்சரியமாக, பயம் வரவில்லை. பெட்டியை எப்படி அடுக்குவது என்று யோசித்தாள்.

அலமாரிக்குள்ளிருந்து கஸ்ஸின் குரல் வந்தது. "போதும். எல்லாரும் சாப்பிடப் போங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுமளவுக்குக்கூட அவன் தன்னை மதிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குளோஸ்-அப்பை எடுக்கவே இல்லை. நேராக அடுத்ததற்குப் போய்விட்டார்கள். கூழைக்கடா கேக்குக்குள் மூக்கை விடும் காட்சி.

முன்னோட்டக் காட்சியை பொமோனாவில் வைத்தார்கள். ஆரஞ்சுத் தோட்டத்து ஊர். ஊர்க்காரர்களிடம் என்ன படம் என்று சொல்லமாட்டார்கள், வேறு படத்துக்கு வந்தவர்களை உட்காரவைத்து இதைக் காட்டிப் பார்ப்பார்கள். ஹெட்டி தன் சாம்பல்நிற உடையைப் போட்டுக்கொண்டு சிவப்பு டிராம் ஏறிப் போனாள். யாரும் அழைத்துப் போக வரவில்லை. ஓர ஓரமாய் வந்து, கடைசிக்கு முந்தின வரிசையில், ஓர இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆள், ஆரஞ்சு வாசனையோடு, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மனைவி முழங்கையால் இடித்ததும் கழற்றினான்.

படம் ஓடியது. கஸ் சொன்ன ரயில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் என்ன சொன்னார் என்று தெரிவதற்குள் வேறு யாரோ விழுந்தார்கள். டெக்ஸ்டரின் பற்கள் திரையில் கதவளவு இருந்தன. வாத்துக் குரலில் கூழைக்கடா கத்தியபோது ஊரே சிரித்தது. இந்த ஊரில் யாருமே கூழைக்கடாவைப் பார்த்ததில்லை போலும். பார்த்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவர்களுக்குத் தகுந்த படம், இந்தப் படத்துக்குத் தகுந்த ஜனம்.

அலமாரி வந்தது. அவள் இரண்டு கையையும் கைப்பைமேல் இறுக்கிக்கொண்டாள். திரையில் ஒரு குண்டுப் பெண்மணி தொப்பியோடு நடந்து வந்து கதவைத் திறந்தாள். அங்கியில் டெக்ஸ்டர், நீட்டிய கை. பிறகு, அலமாரிக்கு உள்ளேயிருந்து, அந்தப் பெண்மணியின் முகம்.

ஹெட்டி அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. சுவரளவு இருந்தது. அது எதுவும் செய்யவில்லை. கண்கள் ஓர் உச்சந்தலையிலிருந்து இறங்கின. ஒரு மார்பைக் கடந்தன. பாதம்வரை போயின. பாதத்தில் கொஞ்சம் தங்கின. மறுபடி ஏறின. மாடியில் ஒருவன் கத்திச் சிரித்தான். கீழே ஒரு பெண் "ஐயோ, ஐயோ" என்றாள். பிறகு கூரை இடிந்தது போல வந்தது. கிளீவ்லாந்திலோ நியூயார்க்கிலோ எங்குமே அவள் கேட்டிராத சிரிப்பு. முன்னால் இருந்த ஆள் தொப்பியால் தொடையில் அடித்துக்கொண்டான். அது கஸ் ஹாலமைப் பார்த்த பார்வை. அவனுடைய செருப்பைப் பார்த்த பார்வை. ஊர் முழுக்க அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டது.

திரையில் கதவு சாத்திக்கொண்டது. சிரிப்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் உடம்பு தானாகவே காத்திருந்தது. உச்சி. இறங்கத் தொடங்கிவிட்டது. இதோ, இந்த இடம்.

திரையில் கூழைக்கடா வந்தது. கேக்குக்குள் மூக்கை விட்டது.

"இந்த வருஷம் அந்துப்பூச்சி கொஞ்சம் பெருசு," என்றாள் ஹெட்டி, இருட்டில், சரியான இடத்தில்.

முன்னால் இருந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினான். "கொஞ்சம் வாயை மூடும்மா. மனுஷங்க படம் பாக்கறாங்கல்ல?"

படம் முடிந்து வெளியே வந்தால், முன்கூடத்தில் கூழைக்கடாவைக் கூண்டில் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கூண்டுக்குக் காவல் ஓலி. ஹெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"பின்னிட்டீங்க மேடம்! அந்தப் பார்வை இருக்கே!"

"அது ஒத்திகை, ஓலி. கிளாப் பலகை அடிக்கல, ஆக்‌ஷன் சொல்லல."

ஓலி சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "டைரக்டர் சொல்லமாட்டாரு மேடம். அவரு தன் காதை இழுத்தா கேமரா ஓடும். எங்க எல்லாருக்கும் தெரியும். ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். ஒருத்தரை நல்லா எரிச்சல்படுத்துவாரு, காதை இழுப்பாரு." கொஞ்சம் தயங்கினான். "அந்தப் பூச்சி வசனத்தை வெட்டியிருக்க வேணாம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அன்னிக்கு நாலு தடவையும் தொப்பியைக் கடிச்சுத்தான் தப்பிச்சேன். பாருங்க." தொப்பியின் விளிம்பைக் காட்டினான். பல் பதிந்து, துணி நைந்திருந்தது.

அவள் அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கஸ் வந்துவிட்டான். பின்னால் பாம்கார்ட், அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அவர்களுக்குப் பின்னால் ஸ்டுடியோ ஆட்கள்.

"எங்க அந்த மூஞ்சி?" என்றார் பாம்கார்ட். "மிஸ் ரோலின்ஸ்! ஏழு வருஷம். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறீங்க."

"என் வசனம் எங்க?" என்றாள் ஹெட்டி, கஸ்ஸைப் பார்த்து.

"எது? ஓ, பூச்சியா." கஸ் அவள் தோளில் கைபோட்டான். "நீதானே சொன்ன, சிரிப்புல கேக்காதுன்னு? கேக்கல பாரு. அதான் வெட்டிட்டேன்."

"நிறுத்தியிருந்தா கேட்டிருக்கும்."

"படம் யாருக்காகவும் நிக்காது கண்ணு."

பாம்கார்ட் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனார். அடுத்த படத்தில் மாமியார். அதற்கடுத்து பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. அப்புறம் ஒரு ஜெயில் வார்டன் இருக்கிறாள். "கதவைத் திறக்கறீங்க, மேலயும் கீழயும் பாக்கறீங்க, சாத்திடறீங்க. பேசற தொல்லையே கிடையாது. எங்க, ஒரு தடவை காட்டுங்க. இவ அந்த நேரம் பாத்து எழுந்து வெளிய போயிட்டா, பாக்கலை." மனைவியை முன்னால் தள்ளினார். அந்த அம்மாள் முகத்தில் ஏற்கெனவே பாதி சிரிப்போடு நின்றாள்.

"காட்டு கண்ணு," என்றான் கஸ்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பக்கத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பமும் திரும்பியது. முன்கூடம் அடங்கியது. கேட்டபடி காட்டினால் இவர்களுடைய குரங்கு. காட்டமாட்டேன் என்று நின்றால்? அவள் காட்டுவதில்லை என்று தீர்மானித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லாமல், சுவர் மாதிரி நின்றாள். இவர்களை நினைக்கக்கூடாது. பீச் பழத்தை நினைக்கக்கூடாது. ஆனாலும் எதையாவது பார்த்துத்தானே ஆகவேண்டும். எதிரில் பாம்கார்ட்டின் வழுக்கை இருந்தது. அதற்குக் கீழே டையில் குத்திய ஒரு வைர ஊசி. அதற்கும் கீழே, கழுத்தில் மாட்டிய கயிறு போலத் தொங்கும் பைக் கடிகாரத்தின் சங்கிலி. அதற்கும் கீழே செருப்பு.

முதலில் சிரித்தது அந்த அம்மாள். பிறகு குடும்பம். பிறகு எல்லோரும். கூண்டின் கம்பிகள் அதிரும்படி சிரித்தார்கள். ஓலி மட்டும் தொப்பியை வாயருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். இங்கே மைக் இல்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

அலை ஏறிக்கொண்டிருந்தது. ஹெட்டி கைப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். அது உச்சிக்குப் போய் மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். கூட்டத்தின் ஓரத்தில், வாய்கொள்ளாச் சிரிப்போடு, கஸ்ஸின் கை தன்னையறியாமல் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.